நெய்க்கு நேர் எதிர்

பென்னாகரம் பெரியப்பாவுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. "சூடுதான்டா, இளநீர் குடிச்சா சரியாயிடும்" என்று இரண்டு மாதம் ஓட்டிவிட்டார். வலி இல்லை, அதனால் பயமும் இல்லை.

ஸ்கேனில் பார்த்தால் சிறுநீரகத்துக்குள்ளேயே, சிறுநீர் சேரும் இடத்தில் கட்டி. வழக்கமாகச் சிறுநீரகத்தைக் குழாயோடு எடுத்துவிடுவார்கள். இவருக்கோ இன்னொன்று ஏற்கெனவே சுருங்கிப்போனது. எடுத்தால் டயாலிசிஸ்தான். நல்லவேளை, தீவிரம் குறைந்த வகைப் புற்றுநோய். சேலத்தில் லேசரால் சுட்டு எடுத்தார்கள்.

அப்போது டாக்டர் ஒரு மருந்தைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் 2020-இல் அனுமதி பெற்ற, மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்து கலந்த ஜெல். குளிர்ச்சியில் திரவம், உடல் சூட்டில் கெட்டி. சிறுநீரகத்துக்குள் விடும் சாதாரண மருந்தைச் சிறுநீர் அடித்துக்கொண்டு போய்விடும். இது சில மணி நேரம் உள்ளேயே தங்கி, மெல்லக் கரைந்து வேலை செய்யும். வாரம் ஒரு முறை, 6 வாரம். 71 பேரிடம் நடந்த ஆய்வில் பத்துக்கு ஆறு பேருக்குக் கட்டி முழுசாக மறைந்ததாம். ஆனால் சிறுநீர்க்குழாய் சுருங்கிப்போகும் தொல்லையும் நிறையப் பேருக்கு வந்திருக்கிறது, அதையும் மறைக்காமல் சொன்னார்.

பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நெய்க்கு நேர் எதிரா இருக்கே" என்றார். எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

அடுத்த மாதம் மறுபடி கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். பெரியப்பா இளநீரை இன்னும் விடவில்லை.