மூலம், முதுகு ஊசி, மலைப்பாதை

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையே உள்ள ஒரு சிறு மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவராக இருக்கிறேன். மூலம், பௌத்திரம், ஆசனவாய் வெடிப்பு ஆகியவற்றுக்காக எங்கள் தியேட்டருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். கொழுந்து பறிக்கும் சரிவில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். மலச்சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கூச்சத்தால் ஆண்டுக்கணக்கில் வெளியே சொல்லாமல் இருந்துவிட்டு, ‘மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்’ என்று சுவரில் எழுதியிருக்கும் இடத்தில் காட்டி, அங்கே போட்ட, தசையை அரிக்கும் காரமான மருந்து ஊசியால் புண்ணையும் சேர்த்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

இந்த அறுவை பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனாலேயே இதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவற்றில் அலட்சியம் நுழைந்துவிடுகிறது என்பது என் கருத்து. இரத்தம் போகிறது என்றாலே மூலம் என்று எழுதிவிடாமல், விரலால் பரிசோதித்து, ஆசனவாயின் உள்ளே பார்க்க உதவும் புராக்டோஸ்கோப் குழாயை வைத்துப் பார்த்து, நடுவயதைக் கடந்தவருக்கு மலம் கழிக்கும் வழக்கம் மாறியிருந்தாலோ இரத்தசோகை இருந்தாலோ பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்து, புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகே தியேட்டர் பட்டியலில் பெயர் சேர வேண்டும்.

என் பங்கு, உடலின் கீழ்ப்பகுதியை மரக்கவைக்க முதுகுத்தண்டில் போடும் முதுகு ஊசியில் தொடங்குகிறது. “டாக்டரம்மா, முதுகுல ஊசி போட்டா சாகுற வரைக்கும் இடுப்பு வலிக்குமாமே?” என்று கேட்காதவர்கள் குறைவு. ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், ஆயுள் முழுக்க அதனால் வலிக்காது என்று சொல்லிவிட்டு, உண்மையில் வரக்கூடிய தலைவலியைப் பற்றியும் நானே சொல்லிவிடுவேன். 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரில் இம்முறையைத் தொடங்கிவைத்த ஆகஸ்ட் பியருக்கே, தன் மீது செய்துகொண்ட சோதனைக்குப் பிறகு அந்தத் தலைவலி வந்தது. ஊசி துளைத்த ஓட்டை வழியே தண்டுவட நீர் கசிவதே அதன் காரணம் என்பதால், 25 அல்லது 27 கேஜ் அளவில் (எண் கூடக்கூட ஊசி மெல்லியது), பென்சில் முனை போன்ற ஊசியைப் பயன்படுத்தினால் அதைப் பெருமளவு குறைக்கலாம்.

ஆசனவாய்ப் பகுதிக்கு உணர்வு தருபவை, தண்டுவடத்தின் அடிக்கோடியிலிருந்து வரும் நரம்புகள். அவற்றை மட்டும் மரத்துப்போகச் செய்ய 0.5 சதவீத ‘ஹெவி’ புபிவகெய்ன் என்னும் மரப்பு மருந்து 1 முதல் 1.5 மில்லி போதும். குளுக்கோஸ் கலந்திருப்பதால் தண்டுவட நீரைவிடக் கனமான அந்த மருந்து, நோயாளியை ஐந்து நிமிடம் உட்கார்ந்தபடியே இருக்கவைத்தால், கீழே போய்த் தங்கிவிடும். இரத்த அழுத்தம் அதிகம் சரியாது. கால்களையும் அசைக்க முடியும். பழக்கத்தின் பேரில் 3 மில்லி போட்டு இடுப்புக்குக் கீழே முழுவதையும் மரக்கவைப்பதற்கு இந்த அறுவையில் எந்த அவசியமும் இல்லை.

ஊசியே வேண்டாம், லேசாகத் தூங்கவைத்துச் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் தயங்குவேன். மயக்கம் ஆழமாக இல்லாத நிலையில் ஆசனவாயை விரித்தால் இதயத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் அனிச்சைச் செயல் கிளம்பிவிடுகிறது: சீராக ஒலித்துக்கொண்டிருந்த மானிட்டர் சட்டென்று இடைவெளி விட்டு ஒலிக்கும், துடிப்பு எழுபதிலிருந்து நாற்பதுக்கு இறங்கும், சிலருக்குக் குரல்வளையும் இறுகி மூச்சு அடைபடும். அந்த நொடியில் முதல் மருந்து துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் அல்ல, “கையை எடுங்கள்” என்று சர்ஜனிடம் சொல்வதுதான். குன்னூர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், மூச்சு சற்றே மந்தமானாலும் ஆக்ஸிஜன் அளவு விரைவில் இறங்கும். எனவே தூக்க மருந்து எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆக்ஸிஜன் மாஸ்க்கும் முழுக் கண்காணிப்பும் வேண்டும்.

அறுவைக்குப் பிறகு அன்றிரவே அதிகம் தொல்லை தருவது சிறுநீர் அடைப்பு. வலியும், மரத்த நரம்பும், வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கமும் அதற்குக் காரணங்கள். ஆனால் நாமாக வரவழைத்துக்கொள்வது, பாட்டில் பாட்டிலாக ஏற்றும் குளுக்கோஸும் சலைனும். டிரிப்ஸ் ஏறாவிட்டால் வைத்தியமே நடக்கவில்லை என்று உறவினர்கள் நினைப்பதை அறிவேன். அதற்காக ஏற்றக் கூடாது.

வலிக்கு, ஆசனவாய்ப் பகுதிக்கு உணர்வு தரும் பூடெண்டல் நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி போட்டுவிட்டு, பாரசிட்டமாலையும், சிறுநீரகமும் வயிறும் நன்றாக இருப்பவர்களுக்கு டைக்ளோஃபெனாக்கையும், வலி வந்த பிறகு அல்ல, நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். டிரமடால் என்ற வலிமருந்து மலச்சிக்கலைக் கூட்டும் என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். முதல் நாளிலேயே மலத்தை இளக்கும் இசப்கோலோ லாக்டுலோஸோ தொடங்கிவிட வேண்டும். இடுப்புக் குளியலுக்கு வெதுவெதுப்பான நீர் போதும். மலைக்குளிரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளும் பழக்கம் எங்கள் மக்களுக்கு உண்டு, மரப்பு தெளியாத தோலுக்கோ சூடு தெரியாது.

நான் அதிகம் அஞ்சுவது, எல்லாம் நலமாக முடிந்து வீட்டுக்குப் போனவருக்கு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வரக்கூடிய இரத்தப்போக்கை. தையல் போட்ட இடம் உதிர்ந்து, இரத்தம் வெளியே தெரியாமல் மலக்குடலுக்குள்ளேயே தேங்கி, தலைசுற்றலோடு கட்டிகட்டியாகப் போகும்போதுதான் வீட்டார் உணர்வார்கள். தோட்டக் குடியிருப்பான லயன் வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும். யானை நடமாடும் சாலையில் இரவில் வண்டி எடுக்க எல்லோரும் துணிய மாட்டார்கள். ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்கு மேலேயே இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறோம்: இரண்டாவது வாரத்தில் தனியாக இருக்க வேண்டாம், கோயம்புத்தூர்ப் பயணம் வேண்டாம், கட்டியாக இரத்தம் போனால் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். எட்டாம் நாள் வார்டு சிஸ்டர் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்பார்: மலம் இளகலாகப் போகிறதா, காய்ச்சல் உண்டா, துணியில் கறை எவ்வளவு? பதிலில் சந்தேகம் இருந்தால், அன்றைக்கே வரச் சொல்லிவிடுகிறோம்.