புரோநோட்டின் பின்பக்கம்

ஜூன் 3

வக்கீல் நோட்டீஸ் ஒன்று, கூடவே வாங்கிய கடனுக்கு மாமா எழுதிக்கொடுத்த புரோநோட்டின் நகல். உயிலை நிறைவேற்றுபவன் நான் என்பதால் என் பெயருக்கே வந்திருக்கிறது. மாமா போய் எட்டு மாதம். மகனுக்குப் பாதி, மகள்கள் இருவருக்கும் கால் கால் என்று உயிலில் கண்டபடி பிரித்துக் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. அவர் பேரில் இருந்த வங்கிக் கணக்கையும் மூடியாயிற்று.

ஜூன் 4

நோட்டு எழுதி நான்கு வருடம். கேட்டதும் தர வேண்டிய புரோநோட்டுக்கு மூன்று வருடம்தானே கெடு, காலாவதியாகிவிட்டது என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். கடன் கொடுத்தவர் மாமாவின் பழைய கூட்டாளியின் மனைவி என்பது அந்த நிமிடத்தில் நினைவுக்கு வரவில்லை. பிறகுதான் பின்பக்க நகலைப் பார்த்தேன். ஒன்றரை வருடத்துக்கு முன் வட்டி வரவு, கீழே மாமாவின் கையெழுத்து. அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடுகிறது.

ஜூன் 6

வக்கீலைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது, "என்ன சார் அவ்வளவு அவசரம்?"

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ஐ எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார். பிரிவு 337-இன்படி, இறந்து ஒரு வருடம் முடியும்வரை பங்கைக் கொடு என்று நிறைவேற்றுபவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. இது அன்றே தெரிந்திருந்தால், ஐந்தாம் மாதத்திலிருந்து வந்த ஃபோன்களுக்கு ஒரு பதில் இருந்திருக்கும்.

அடுத்தது 360. கடன் பாக்கி உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று விதிப்படி அறிவிப்புக் கொடுத்து, கெடு முடிந்தபின் பிரித்திருந்தால், அப்போது என் காதுக்கு வராத கடனுக்கு நான் பொறுப்பில்லை. கடன் கொடுத்தவர் சொத்தை வாங்கியவர்களைத்தான் தொடர வேண்டும். நான் அறிவிப்பே கொடுக்கவில்லை. "குடும்ப விஷயத்தை ஏன் பேப்பர்ல போடணும்?" என்றார் அத்தை. எனக்கும் அது சரியென்று பட்டது.

மிச்சமிருப்பது 359. முன்பு தெரியாத கடனை நான் அடைக்க நேர்ந்தால், பங்கு வாங்கிய ஒவ்வொருவரிடமும் அவரவர் அளவுக்குத் திருப்பிக் கேட்கலாம். அதற்கு வட்டி போட முடியாது.

ஜூன் 9

மூவரிடமும் பேசினேன். மச்சான், "கணக்குப் பார்த்தது நீ, பிரிச்சதும் நீ. இப்ப எங்ககிட்ட வந்தா எப்படி?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. பெரியவள் தருகிறேன் என்றாள். சின்னவள் "எவ்வளவு அத்தான்?" என்று கேட்டாள், சொன்னதும் பேச்சே இல்லை. வந்த பணத்தில் தன் கடனை அடைத்துவிட்டாளாம்.

ஜூன் 12

தூக்கமில்லை. "முன்பு தெரியாத" என்ற இரண்டு சொற்கள்தான் காரணம்.

மாமாவின் கணக்கு நோட்டுகளை மறுபடி எடுத்தேன். இறந்த மாதமே அவற்றைப் பக்கம் பக்கமாகப் பார்த்தவன் நான். பார்த்து முடித்த பக்கத்தின் மூலையில் பென்சிலால் டிக் போடுவது வழக்கம். ஒரு பக்கத்தில், "வட்டி கொடுத்தாச்சு, அசல் அப்படியே." வங்கிக் கடன் வட்டியாக இருக்கும் என்று தாண்டிப் போயிருக்கிறேன். வங்கிக் கடன் அதற்கு முந்தின வருடமே முடிந்துவிட்டது, அதுவும் இதே நோட்டில்தான் இருக்கிறது.

மூலையில் என் டிக்.

ஜூன் 13

கணக்கு நோட்டை வக்கீலிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் புரட்டினார். ஒரு வரியைப் பார்த்ததெல்லாம் கடனைத் தெரிந்துகொண்டதாக ஆகாது என்று வாதாடலாமாம். ஆனால் நிறைவேற்றுபவரால் சொத்துக்கு நஷ்டம் வந்தால் 368-இன்படி அவர் கைப்பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டியிருக்கும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நோட்டை வேறு யாரிடமாவது காட்டினேனா என்று கேட்டார். இல்லை என்றேன். வெளியே வந்ததும் மச்சானுக்கு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்.

ஜூன் 14

மச்சானிடமிருந்து பதில்: "என் பாதியைத் தர்றேன். சின்னவகிட்ட கேக்காதே."

ஜூன் 17

கடன் கொடுத்த அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அசல் புரோநோட்டு ஒரு பழைய கவரில் இருந்தது. சின்னவளின் கால் பங்கை என் கணக்கிலிருந்து கொடுத்தேன். வக்கீல் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். மற்ற இருவரின் பணமும் இந்த மாதத்துக்குள் வந்துவிடும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நோட்டைத் திருப்பி வைத்து, பேனாவைக் கொடுத்தார்.

மாமாவின் கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. தேதி போட்டு, வரவு எழுதி, கையெழுத்துப் போட்டேன்.