ஆல்ஃபா-பீட்டாவும் எஸ்எஸ்எஸ்-ஸ்டாரும்: இரண்டும் ஒன்றுதான்

சதுரங்கம் போன்ற ஆட்டத்தில் அடுத்த நகர்வைக் கணினி தேடிக் கண்டுபிடிக்கும் வழிகள் இவை. ஒரு நிலைக்கு 35 நகர்வுகள், ஆழம் 6 (ஆறு நகர்வு முன்னோக்கிப் பார்ப்பது) என்றால், இரு தரப்பின் எல்லா நகர்வுகளையும் பார்க்கும் மினிமேக்ஸ் மதிப்பிடவேண்டிய கடைசி நிலைகள் 183 கோடிக்கும் மேல். நகர்வு வரிசை கச்சிதமாக அமைந்தால், முடிவை மாற்றாத கிளைகளை வெட்டியெறியும் ஆல்ஃபா-பீட்டாவுக்கு 85,749 போதும். வரிசை சொதப்பினால் இந்த லாபம் கரைந்துவிடும். நினைவகச் செலவு மட்டும் எப்போதும் சொற்பம்: நடப்புப் பாதையில் இருப்பதை வைத்துக்கொண்டால் போதும்.

1979-இல் ஸ்டாக்மன் கொண்டுவந்த எஸ்எஸ்எஸ்-ஸ்டார், எந்தக் கிளை நம்பிக்கை தருகிறதோ அதை முதலில் விரிக்கும். ஆல்ஃபா-பீட்டா வெட்டியெறியும் நிலை எதையும் அது தொடாது. அதற்கான விலை, இன்னும் பார்க்கவேண்டிய நிலைகளை வரிசைப்படுத்திய ஒரு பட்டியல்: ஆழம் 6-இல் 42,875 உருப்படிகள், ஆழம் 10-இல் 5 கோடியைத் தாண்டும். அதனாலேயே பலர் அதை ஓரங்கட்டினார்கள்.

1990களின் நடுவில் பிளாட், ஷேஃபர், பெயில்ஸ், டி ப்ருயின் என்ற ஆய்வாளர்கள் நால்வரும் முடிச்சை அவிழ்த்தார்கள். ஆல்ஃபா-பீட்டா மதிப்பைத் தேடும் கீழ், மேல் எல்லைகளுக்கு விண்டோ என்று பெயர்; இரண்டுக்கும் நடுவில் எந்த மதிப்பும் இல்லாவிட்டால் அது பூஜ்ய அகல விண்டோ. ட்ரான்ஸ்பொசிஷன் டேபிளோடு (ஏற்கெனவே தேடிய நிலைகளின் முடிவுகளைச் சேமிக்கும் அட்டவணை) ஆல்ஃபா-பீட்டாவைப் பூஜ்ய அகல விண்டோவில், முடிவிலியிலிருந்து கீழ்நோக்கித் திரும்பத் திரும்ப ஓட்டினால், எஸ்எஸ்எஸ்-ஸ்டார் விரிக்கும் அதே நிலைகள் அதே வரிசையில் விரியும். பட்டியலின் வேலையை டேபிளே பார்த்துக்கொள்கிறது. முடிவிலிக்குப் பதில் நல்லதொரு ஊகத்தில் தொடங்கினால் அதுதான் எம்டிடி-எஃப்.

ஊகம் 20, உண்மை மதிப்பு 23 என்போம். (19, 20) விண்டோ 22 தருகிறது: மதிப்பு 22-க்குக் குறையாது. (22, 23) விண்டோ 23 தருகிறது. (23, 24) விண்டோவும் 23-ஐயே தர, கீழெல்லையும் மேலெல்லையும் சந்திக்கின்றன. மூன்று சுற்றில் வேலை முடிந்தது.

இதை எழுதும்போது பலர் சறுக்கும் இடம் ஃபெயில்-சாஃப்ட். விண்டோவுக்கு வெளியே போன மதிப்பை வெட்டாமல் அப்படியே திருப்ப வேண்டும். வெட்டினால் ஒவ்வொரு சுற்றும் ஒரே ஒரு புள்ளிதான் நகரும். ஒரு சிப்பாயை 100 புள்ளிகளாகக் கணக்கிடும் சதுரங்க நிரலில் ஊகம் ஒரு சிப்பாய் அளவு தவறினால் நூறு சுற்று! டேபிளில் எல்லை மதிப்பை ('இதற்குக் குறையாது', 'இதற்கு மேல் போகாது' என்பதை மட்டும் சொல்வது) துல்லிய மதிப்பாகச் சேமிப்பது இன்னும் மோசம். நிரல் பிழை காட்டி நின்றுவிடாது, தப்பான நகர்வை ஆடிவிடும். ஒற்றை-இரட்டை ஆழங்களில் மதிப்பு ஊசலாடினால் ஊகத்தை இரண்டு ஆழம் முன்பிருந்து எடுங்கள்.

மதிப்பீடு கரடுமுரடான முழு எண்களாக இருந்தால் எம்டிடி-எஃப் நன்றாக ஓடும். நுணுக்கமான மதிப்பீடு, சிறிய டேபிள் என்றால் நெகாஸ்கவுட்டே (முதல் நகர்வை முழு விண்டோவிலும் மற்றவற்றைப் பூஜ்ய அகல விண்டோவிலும் தேடும் ஆல்ஃபா-பீட்டா வகை) தலைவலி குறைந்தது. முக்கிய வரிசையையும் (இரு தரப்பும் சிறப்பாக ஆடினால் வரும் நகர்வுத் தொடர்) டேபிளில் தோண்டாமல் நேராகவே தரும்.