சிவாஜிநகர் மாதா கோயில் வரிசையில்

பெங்களூரு சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29ஆம் நாள் கொடியேற்றத்துடன் நவநாள் தொடங்கி, அன்னையின் பிறப்பு விழாவாகிய செப்டம்பர் 8 அன்று தேர்ப்பவனியுடன் நிறைவடைகிறது. செஞ்சிப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் எழுப்பிய ஓலைக் கூரைக் கோயிலே இதன் தொடக்கம் என்பது இங்கு வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மறைப்பணியாளர் துபுவா அடிகளார் இம்மக்களிடையே பணியாற்றினார். இன்று காணும் கோத்திக் பாணி ஆலயம் 1882இல் அர்ச்சிக்கப்பட்டது.

நவநாளின்போது ரசல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களெங்கும் அன்னையின் பக்தர்கள் அணியும் காவி உடைகளே தென்படும். கணினி நிறுவனத்தில் உயர் பதவியில் இருப்பவரும் தள்ளுவண்டியில் காய்கறி விற்பவரும் ஒரே நிறத்தில் நிற்பது கண்ணுக்கு நிறைவான காட்சிதான். ஆனால் காவியிலும் பட்டுண்டு, பருத்தியுண்டு என்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பவர் அறிவார். துணிக்குள் மறையாத பெருமை, பக்திக்குள் மிக எளிதாக மறைந்துகொள்கிறது. எத்தனை ஆண்டுகள் விரதம், எவ்வளவு பெரிய மெழுகுத்திரி, தேரின் முன்னால் இடம் கிடைத்ததா என்ற பேச்சு வரிசை முழுவதும் நடக்கிறது.

எனக்கு முன்னால் நின்ற நடுத்தர வயதுக்காரர், முந்தைய ஆண்டுகளில் இங்கிருந்து வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகவே சென்றதைச் சுற்றியிருந்தவர்களிடம் விவரித்துக்கொண்டிருந்தார். கால் கொப்பளித்ததையும், உடன் வந்தவர்கள் பாதியில் பேருந்து ஏறியதையும், தாம் மட்டும் உறுதி குலையாமல் நடந்ததையும் அவர் சொல்லச் சொல்ல, கோலார் தங்கவயலிலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வழியில தண்ணி, சோறெல்லாம் யாருப்பா குடுத்தாங்க?” என்றார். அந்தக் கேள்வியில் குத்தல் ஏதுமில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரிந்துகொள்ள ஆவல்.

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையில் கோவிலில் செபிக்கும் பரிசேயர், அதாவது யூதச் சமயச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தவர், பொய் சொல்லவில்லை என்பது நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று. வாரத்தில் இருமுறை நோன்பிருந்ததும், வருவாயில் பத்திலொரு பங்கு கொடுத்ததும் அவர் செய்தவையே. கடவுளுக்கு நன்றி சொல்லித்தான் செபத்தைத் தொடங்குகிறார். ஆயினும் பார்வை சற்றுத் தள்ளி நின்ற வரிதண்டுபவர் மீது விழுந்ததும், நன்றியாகத் தொடங்கிய செபம் ஒப்பீடாக மாறிவிடுகிறது. இதற்கு மாற்று என்று எண்ணிக்கொண்டு, ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’ என்று ஓயாமல் சொல்வோரும் உண்டு. என் கணிப்பில் அதுவும் தன்னைச் சுற்றியே வரும் பேச்சுத்தான்.

அதே நற்செய்தியில் வரும் அன்னை மரியாவின் புகழ்ப்பாடல் வேறு விதமானது. எல்லாத் தலைமுறையினரும் தம்மைப் பேறுபெற்றவர் என்பர் என்று அவர் வெளிப்படையாகவே கூறுகிறார். நம் வீட்டுப் பெண் ஒருத்தி இப்படிப் பேசினால் தலைக்கனம் என்றே சொல்லியிருப்போம். ஆனால் அடுத்த வரியிலேயே அரும்பெரும் செயல்களைச் செய்தவர் வல்லவராம் கடவுள் என்று உரியவரிடம் சேர்த்துவிடுகிறார். பெற்றதை மறைக்கவுமில்லை, தமதாக்கிக்கொள்ளவுமில்லை. மேலும், இந்தப் பாடல் பிறந்தது உறவினர் எலிசபெத்தின் வீட்டில். ஆண்டவரின் தாயாகப் போகிறவர் மலைநாட்டுக்கு விரைந்து சென்று, ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்கே தங்கினார் என்கிறார் லூக்கா. திருச்சபையின் மாலைச் செபத்தில் இப்பாடல் நாள்தோறும் இடம்பெறுவது பொருத்தமான ஏற்பாடு. பகல் முழுவதும் சேர்ந்த பெருமிதத்தை எண்ணிப் பார்க்க அந்த நேரமே வசதியானது.

மூதாட்டியின் கேள்விக்கு அந்த மனிதர் உடனே விடை சொல்லவில்லை. பிறகு, ஓசூர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் படுக்க இடம் கொடுத்த முதியவர், காசு வாங்க மறுத்த தேநீர்க் கடைக்காரர், கொப்பளத்துக்கு மருந்து கட்டிவிட்ட இளைஞர் என ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். அவர்களில் சிலர் கிறிஸ்தவர்கள் அல்லர் என்றும் சொன்னார். மூதாட்டி விடவில்லை, ஒவ்வொருவருக்கும் பெயர் கேட்டார். வரிசை ஆலய வாசலை எட்டியபோது அவர் தம் கொப்பளங்களை விட்டுவிட்டு, அந்தத் தேநீர்க் கடைக்காரரின் பெயரை நினைவுபடுத்த முயன்றுகொண்டிருந்தார்.