ஓகே வந்தது, கனெக்ட் வரவில்லை: ஒரு வி.டி.220 டெர்மினலும் டயல்-அப்பும்

1998-ல் நான் வேலை பார்த்த சின்ன அலுவலகத்தில் டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) நிறுவனத்தின் வி.டி.220 டெர்மினல், அதாவது வேறொரு கணினியோடு பேச மட்டுமே உதவும் திரையும் விசைப்பலகையும், ஒன்று சும்மா கிடந்தது. 1983-ல் வெளிவந்த மாடல். எழுத்து மட்டும்தான் காட்டும். அப்போது இணைய இணைப்புத் தந்த வி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் ஷெல் கணக்குக்கு, அதாவது அவர்கள் கணினியில் எழுத்துக் கட்டளைகளால் வேலை செய்யும் கணக்குக்கு, அதுவே தாராளம். பைனில் மின்னஞ்சல், லிங்க்ஸில் இணையம், இரண்டுமே எழுத்துத் திரையில் ஓடுபவை. புதுக் கணினி வாங்க வழியில்லாத எங்களுக்கு அதை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்று ஆசை.

தொலைபேசி லைன் வழியாகத் தரவை அனுப்பும் மோடத்தை மாட்டி, அதன் கட்டளைகளுக்கெல்லாம் தொடக்கமான ஏடி என்று தட்டினால், வர வேண்டிய ‘ஓகே’ என்ற பதிலே இல்லை. இந்த மாதிரி நேரத்தில் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றிப் பார்க்கக் கூடாது, டெர்மினலில் தொடங்கி ஒவ்வொரு கண்ணியாக வெளியே போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் லோக்கல் எக்கோவை (தட்டுவதை டெர்மினல் தானே திரையில் காட்டும் வசதி) அணைத்துவிட்டு, டெர்மினலின் 25 பின் கனெக்டரில் எழுத்தை அனுப்பும் 2, வாங்கும் 3 ஆகிய பின்களை ஒரு கம்பியால் சேர்த்தேன். தட்டிய எழுத்து வெளியே போய்த் திரும்பித் திரையில் விழுந்தது. சரி, டெர்மினலில் கோளாறு இல்லை.

அடுத்து கேபிள். அதன் மறுமுனையில் இதே சோதனையைச் செய்தால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் 2-ம் 3-ம் குறுக்காகப் போடப்பட்ட கேபிளிலும் எழுத்து ஒழுங்காகத் திரும்பி வரும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் அப்படித்தான் இருந்தது: இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கும் நல் மோடம் கேபிள். மோடத்துக்கு வேண்டியது நேர் கேபிள். அதை மாட்டியதும் ஓகே வந்தது.

அப்புறம் டயல் செய்தால் ‘நோ டயல்டோன்’. ரிசீவரை எடுத்தால் டோன் கணீரென்று கேட்கிறது! அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்தது. நம்முடையது 25 ஹெர்ட்ஸில் அதிரும் 400 ஹெர்ட்ஸ். அங்கே விற்கச் செய்த மோடத்துக்கு நம் டோன் அடையாளம் தெரியவில்லை. ஏடிஎக்ஸ்3 கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். இந்த ஒரு கட்டளை தெரியாமல் நல்ல மோடத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இணைப்புக் கிடைத்ததைச் சொல்லும் ‘கனெக்ட்’ வந்தது, ஆனால் திரையில் பாதி எழுத்து சரி, பாதி குப்பை. மொத்தமும் குப்பை என்றால் வேகத்தைச் சந்தேகிக்கலாம். பாதி என்றால் பெரும்பாலும் பேரிட்டிதான், அதாவது பிழையைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு எழுத்தோடும் சேர்க்கும் சரிபார்ப்பு பிட். டெர்மினலில் 7 பிட், ஈவன் பேரிட்டி இருந்தது; எதிர்முனை பேசியது 8 பிட், பேரிட்டி இல்லாமல். மோடம் நாம் தட்டும் ஏடியிலிருந்தே பேரிட்டியைக் கண்டுகொண்டு அதே பாணியில் பதில் சொல்வதால், இணைப்புக் கிடைக்கும்வரை இது வெளியே தெரியாது. எஃப்3 அழுத்தி செட்-அப்பில் மாற்றினேன்.

மிச்சம் இருந்தது லைன். மழை பெய்தால் இணைப்பு அறுந்துவிடும். லைன்மேன் வந்து கேட்டுவிட்டு, “பேச்சு நல்லாத்தானே கேக்குது தம்பி?” என்றார். “பேச்சுக்குப் போதும்ணே, மோடத்துக்குப் போதாது, ஒரே ஒரு நம்பரைச் சுத்தி டோனை நிறுத்திட்டு சும்மா கேட்டுப் பாருங்க” என்றேன். அப்படிக் கேட்டவருக்குக் கரகரப்பு பிடிபட்டது. கம்பத்தில் பச்சை பூத்திருந்த ஒரு இணைப்பை வெட்டிப் புதிதாக முறுக்கிக் கொடுத்தார். அருமையான மனிதர்.

நீளமான கடிதங்களில் நடுநடுவே வரி காணாமல் போவது மட்டும் தொடர்ந்தது. எழுத்துகள் வேகமாக வந்து குவியும்போது வி.டி.220 ‘நிறுத்து’ என்பதை எக்ஸ்-ஆஃப் என்ற சிறப்பு எழுத்தாகத்தான் சொல்லும், மோடமோ அதே சைகைக்காக ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். என்ற தனிக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் மோடத்தில் ஏடி&கே4 போட்டு எக்ஸ்-ஆஃபைக் கவனிக்கச் சொன்னதும் வரி தொலைவது நின்றது. மின்சாரம் போனாலும் மறக்காமலிருக்க ஏடி&டபிள்யூ கொடுத்துச் சேமித்துவைத்தேன்.