மதாம் தந்த பெட்டி

சுவிஸில் இவர்டோனுக்குக் குடிவந்த புதிதில் நான் மிகவும் பயந்தது நிலவறையில் இருந்த உடுப்புத் தோய்க்கும் அறைக்குத்தான். இரண்டு கிழமைக்கு ஒருநாள் எங்கள் முறை. ஒருமுறை நாள் பிசகிக் கூடையோடு போய் நின்றேன். கீழ்வீட்டு மதாம் ஏசப் போகிறார் என்று நினைத்தால், மனிசி சிரித்துக்கொண்டே கிழமைகளின் பெயரைச் சொல்லித் தந்தார். லந்தி, மார்தி... அதுதான் என் முதல் பிரெஞ்சு வகுப்பு. அதன்பிறகு எங்கள் எஃப் அட்டைக்காக, அதாவது தற்காலிகமாகத் தங்கும் அனுமதிக்காக, வந்த கடிதங்களை எல்லாம் அவர்தான் வாசித்து விளக்கினார். ஞாயிறுகளில் நான் சோறும் பருப்பும் கொண்டுபோவேன், உறைப்பில்லாமல்.

போன மாசியில் அவர் இறந்துபோனார். பெறாமகன் வந்து ஒரு மரப்பெட்டியைத் தந்தார். மேலே ஒட்டியிருந்த துண்டில் என் பெயர், எழுத்துப் பிழையோடு.

திறந்தால் இசைப்பெட்டி. கண்ணாடிக்குக் கீழே பித்தளை உருளை, அதில் மயிர்போல நெருக்கமாக ஊசிகள். உருளை சுழல, ஊசி எஃகுச் சீப்பின் ஒரு பல்லைத் தூக்கி விடுகிறது, ஒரு சுரம் கேட்கிறது. ஒரு பாட்டு முடிந்ததும் உருளை துளியளவு பக்கவாட்டில் நகர்கிறது. அடுத்த பாட்டின் ஊசிகள் அப்போதுதான் பற்களுக்கு நேரே வருகின்றன. இப்படி ஆறு பாட்டு.

பழுது பார்க்க மலைமேல் இருக்கும் செந்த் க்ருவா என்ற ஊருக்குக் கொண்டுபோ என்றார்கள். சின்ன ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். சீப்பும் ஊசியும் வைத்து இசை எழுப்பும் வித்தையை 1796இல் கண்டுபிடித்தவர் ஜெனீவாவின் அந்துவான் ஃபாவ்ர். ஆனால் அதையே பிழைப்பாக்கிய ஊர் இதுதான். பனிக்காலத்தில் தோட்ட வேலை இல்லாத குடும்பங்கள் வீட்டில் இருந்தே பாகங்கள் செய்திருக்கின்றன. 1865இல் தொடங்கிய ரூஜ் என்ற இசைப்பெட்டிக் கம்பனி இந்த ஊர்தான். தொரான்ஸ் என்ற கம்பனியும் இங்கே இசைப்பெட்டியில் தொடங்கி, பிறகு கிராமபோனுக்கு மாறியது.

பழுது பார்ப்பவர் பெட்டியைத் திறந்ததும் எனக்கு ஏச்சு. பாட்டு நடுவில் நின்றிருக்கும்போது தூக்கிக்கொண்டு வரலாமா? ஊசி பல்லைத் தூக்கியபடி நிற்கும், ஒரு குலுக்கலில் பல் முறியும். பாட்டை முடிய விட்டுத்தான் அசைக்க வேண்டுமாம். இரண்டு பல் ஏற்கெனவே போயிருந்தது. நல்லவேளை, அது என் வேலை இல்லை. பழைய முறிவு.

தயாரித்தவர் பெயர் எங்கும் இல்லை, ஒரு இலக்கம் மட்டும். சாவிக்குப் பதில் நெம்புகோலால் முறுக்குவது, சீப்புக்கு மேலே ஒரு காகிதச் சுருள் இருப்பது, இரண்டையும் பார்த்து 1880களை ஒட்டியது என்றார். அந்தச் சுருளை இறக்கிப் பற்களில் தொட வைத்ததும் ஓசை ரீங்காரமாக மாறியது. எனக்குச் சிலிர்த்தது. மானிப்பாயில் மாமியின் தம்புராவில், தந்திக்கடியில் நூலை நகர்த்தி நகர்த்தி அவர் தேடுவது இதே ரீங்காரத்தைத்தான். சண்டையில் அந்த வீடும் இல்லை, தம்புராவும் இல்லை.

சரி, விலை? இப்போதைய நிலையில் சில நூறு பிராங்க். பல் கட்டி, உருளையைச் சுத்தம் செய்ய அதைவிடக் கூட.

"உனக்கென்ன விசரே? அந்தக் காசுக்கு ஒரு வீணை வாங்கலாம்" என்றார் இவர்.

"வீணையை மதாம் தரேல்லையே" என்றேன்.

மார்கழியில் வந்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். திரும்பி வரும்போது பாட்டு முடிந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பெட்டியைத் தூக்குவேன்.