துட்டன்காமன் கல்லறைப் பொருட்கள்: லக்சரிலிருந்து கீசாவுக்கு

ஜனவரி 12, 2026, லக்சர்

எகிப்தின் லக்சரில் பண்டைய மன்னர்களைப் புதைத்த அரசர்களின் பள்ளத்தாக்கில் பொதுச் சீட்டுக்கு மூன்று கல்லறைகள் பார்க்கலாம். பண்டைய எகிப்தின் இளம் மன்னர் துட்டன்காமனின் கல்லறை அதில் சேராது, தனிச் சீட்டு வாங்க வேண்டும். நுழைவாயிலிலேயே வாங்கிவிடுங்கள். மறந்துவிட்டால் வெயிலில் திரும்பி நடக்க வேண்டியிருக்கும்.

16 படி இறங்கினால் கல்லறை. மன்னரைக் கிடத்திய அறை சுமார் 6.4 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். இந்த அளவைக் கண்ணில் ஏற்றிக்கொள்ளுங்கள். இதற்குள்தான் 5.08 மீட்டர் நீளமும் 3.28 மீட்டர் அகலமும் 2.75 மீட்டர் உயரமும் உள்ள மரப்பெட்டகம் நின்றது. அதற்குள் ஒன்றினுள் ஒன்றாக இன்னும் மூன்று, நடுவில் கல் சவப்பேழை. சுற்றிலும் ஓர் ஆள் ஒடுங்கிப் போகத்தான் இடம். முதலில் லக்சர், பிறகு கீசா என்று நான் சொல்வது இதற்காகத்தான். அறையைப் பார்க்காதவருக்குப் பெட்டகங்கள் வெறும் பெரிய பெட்டிகளாகவே தெரியும்.

மன்னரின் உடலும் கல் சவப்பேழையும் இன்னும் இங்கேதான் இருக்கின்றன. பேழை குவார்ட்சைட் என்ற கடினக் கல், அதன் மூடியோ கிரானைட். நிறம் ஒத்துப்போக மஞ்சள் பூசினார்கள். நடுவில் விழுந்த விரிசலைச் சாந்தால் அடைத்து அதன்மேலும் வர்ணம் அடித்தார்கள். இளவயதில் திடீரென இறந்த மன்னர், அதனால் எல்லாமே அவசரம். சுவரோவியத்தில் உள்ள பழுப்புப் புள்ளிகள் பூஞ்சைத் தடங்கள், இப்போது வளர்வதில்லை. பூச்சு ஈரம் காயுமுன்பே அறையை அடைத்ததால் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

ஜனவரி 14, கீசா

மாபெரும் எகிப்திய அருங்காட்சியகம். சீட்டை இணையத்தில் நேரம் குறித்து முன்பே எடுத்துவிட வேண்டும். துட்டன்காமன் கல்லறையின் 5,000-க்கு மேற்பட்ட பொருட்கள், 1922-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டெடுத்த பிறகு முதன்முறையாக ஒரே இடத்தில். கூட்டம் நேரே மன்னரின் தங்க முகமூடிக்குத்தான் போகிறது. நீங்கள் அந்த நான்கு மரப்பெட்டகங்களிடம் நில்லுங்கள்.

தச்சர்கள் பலகைகளில் எது எந்தப் பக்கம் என்று குறி போட்டுத்தான் அனுப்பினார்கள். கல்லறைக்குள் அவற்றைப் பொருத்தியவர்கள் திசையை மாற்றிவிட்டார்கள்: மேற்கே பார்க்க வேண்டிய கதவுகள் கிழக்கே பார்த்து நின்றன. பொருந்தாத மூட்டுகளைச் சம்மட்டியால் அடித்து இறக்கியதில் தங்க ரேக்கு நசுங்கியது. மூலை இணைப்புகளைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நேரே நின்றால் கண்ணாடியின் பிரதிபலிப்பு மறைக்கும்.

இன்னொரு சிக்கல், காலம் செய்தது. 3,300 ஆண்டுகளில் மரம் சுருங்கியது, மேல்பூச்சு சுருங்கவில்லை. இடையில் வெற்றிடம் விழுந்து, தொட்டாலே ரேக்கு உதிரும் நிலை. கார்ட்டரின் குழுவினர் பாரஃபின் மெழுகை உருக்கி ஊற்றித்தான் பிடித்து நிறுத்தினார்கள்.

ஜனவரி 15, கீசா

கல் பேழைக்குள் ஒன்றினுள் ஒன்றாக இருந்த மூன்று சவப்பெட்டிகள். வெளிப்பெட்டியின் கால்பக்கத்தைக் கவனியுங்கள். பேழையின் கல் மூடி உட்காராமல் இடித்ததால் கால்விரல் பகுதியை அங்கேயே செதுக்கித் தள்ளினார்கள். அந்தச் சீவல்கள் பேழையின் அடியிலேயே கிடந்தன. இத்தனை பொன்னுக்கு நடுவே என்னை அதிகம் உலுக்குவது அந்தச் சீவல்தான். அதைச் செதுக்கிய கை நேற்று வேலை முடித்துப் போனதுபோல் இருக்கிறது.

உட்பெட்டி கெட்டித் தங்கம், 110.4 கிலோ. அதன்மேல் வாளிக்கணக்கில் ஊற்றிய நறுமணத் தைலம் கருங்கீலாக இறுகி, முகமூடியையும் பெட்டிகளையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிட்டது. சூடேற்றித்தான் பிரித்தார்கள்.

முகமூடி சுமார் 10 கிலோ, 54 செ.மீ. உயரம். தலைத்துணியின் நீலப் பட்டைகளை லாபிஸ் லாசுலி என்ற நீல மணிக்கல் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. அவை நீலக் கண்ணாடி. லாபிஸ் இருப்பது புருவத்திலும் கண்ணின் விளிம்பிலும். விழியில் வெண்மை குவார்ட்ஸ், கருமணி அப்சிடியன் என்ற கறுப்பு எரிமலைக் கண்ணாடி. கண்ணின் இரு ஓரத்திலும் சிவப்பு தீட்டியிருக்கிறார்கள். உயிருள்ள கண்ணில் மூக்குப் பக்கம் மட்டும்தான் அப்படிச் சிவந்திருக்கும்.

முகமூடியின் தாடி 2014-இல் கழன்றது. அவசரத்தில் எப்பாக்சி என்ற வலுவான செயற்கைப் பசை வைத்து ஒட்டினார்கள், அது வழிந்து நின்றது. 2015-இல் மரக்கருவிகளால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழங்காலத்தவர் பயன்படுத்திய தேன்மெழுகாலேயே மறுபடி பொருத்தினார்கள்.